வெங்காயக் கலர் சேலை

யாரைத் தேடுறீக தாயி? மன்றத்தையா? மன்றம் காலையிலேயே வேன் ஏறிப் போயிருச்சு. ஆமா, மொத்த மன்றமும். பூட்டு மட்டுந்தான் இருக்கு. வேணும்னா அதை ஒரு போட்டோ எடுத்துக்கிடுங்க, நல்ல பூட்டு, புதுசு.

பேப்பர்ல இருந்தா வந்திருக்கீக? அட. விருது குடுக்கிற அன்னைக்கு விருது குடுக்கிற எடத்துக்குப் போகாம இங்க வந்து நிக்கிறீகளே, உங்களையும் மேடைப் பக்கம் வராதன்னுட்டாகளா? சும்மா கேலிக்குச் சொன்னேன், மூஞ்சியத் தொங்கப் போடாதீக. பாலத்தைப் போட்டோ எடுத்துட்டு ஊர்ல நாலு பேர்கிட்டப் பேசிட்டு வரணுமா? அப்ப சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீக. சீனியம்மா வாயி நாலு பேரு வாயின்னுதான் ஊர்ல பேச்சு. சீனியம்மா யாருன்னு கேக்காதீக, உங்க முன்னாடி நிக்கிறவதான்.

வாங்க, பாலத்துக்குள்ளயே போயிருவோம். வெயிலு மண்டையப் பொளக்குது. அங்கன குளுமையா இருக்கும்.

பாலம்னா மத்த ஊர்ல மேல ஏறுவாக. எங்க ஊர்ல கீழ எறங்கணும். இந்தா, இதான். மேல நாலுவழி ரோடு, கீழ நாங்க. எலி வளை மாதிரி இருக்கோ? இருக்கட்டும், எங்க வளை. இதுக்குத்தான் விருது. தலைக்கு மேல கடகடன்னுது பாருங்க, லாரி. பயப்படாதீக, விழுகாது. கல்லு கெடக்கு, உக்காருங்க. அந்தக் கல்லுல வேண்டாம், இதுல. அது ஒரு பிள்ளை உக்கார்ற கல்லு.

எழுதுறீகளா? எழுதுங்க. மலர்விழி மகளிர் மன்றம். மலர்விழி யாருன்னு எங்களுக்குத் தெரியாது. எங்க ஊர்ல அந்தப் பேர்ல ஒரு ஆடு கூடக் கெடையாது. மன்றம் ஆரம்பிக்கணும்னு வந்த ஆபீசரு, பேரு என்னன்னு கேட்டாரு, நாங்க ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துக்கிட்டு நின்னோம், அவரே எழுதிட்டாரு. அவரு சம்சாரமா, இல்ல சம்சாரத்துக்குத் தெரியக் கூடாத ஆளான்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குள்ள ஒரு வழக்கு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

தலைவி கோமதி மதினி. எனக்குச் சொந்தத்துலயும் மதினிதான், எங்க அண்ணன் பொண்டாட்டி. நல்ல மனுசி. மைக்கப் பாத்தா மட்டும் விட மாட்டாக. இன்னைக்கு மைக்கு என்ன பாடு படுதோ.

ஊரு எப்படி இருக்குன்னு பாத்தீகள்ல? வெள்ளரிக்காயப் பொளந்த மாதிரி ரோடு பொளந்துக்கிட்டுப் போகுது. வீடெல்லாம் இந்தப் பக்கம். தீப்பெட்டி ஆபீசு, ரேசன் கடை, பள்ளிக்கூடம், தண்ணித் தொட்டி எல்லாம் அந்தப் பக்கம். சோறு இந்தப் பக்கம், அரிசி அந்தப் பக்கம். ரோடு போட வந்தவனுக்கு நாங்க தாண்டணும்னு தெரியலை. ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு வழி விட்டிருக்கான், காருக்கு. நாங்க காரா?

அதுக்குத்தான் மன்றத்துல மனுக் குடுக்க ஆரம்பிச்சோம். திங்கக்கெழமைன்னா கலெக்டர் ஆபீசு. கூட்டமாப் போனாத்தான் மதிப்பு, ஒரே மாதிரி சேலை கட்டுனாத்தான் கூட்டம்னு தெரியும்னு கோமதி மதினி சொன்னாக. சேலை எடுத்தோம். வெங்காயக் கலரு. நான் கட்டியிருக்கேன்ல, இதான். எங்களைப் பாத்ததும் அங்க வாசல்ல நிக்கிற பியூனு, "சாம்பாருக்கு வெங்காயம் வந்திருச்சு"ம்பான். "உரிச்சுப் பாரு, ஒனக்குத்தான் கண்ணுல தண்ணி வரும்"னு நான் ஒரு நா சொன்னேன். அதோட அந்தக் கேலிய விட்டுட்டான். மனு மட்டும் போனது போனதுதான். ஆவன செய்யப்படும், ஆவன செய்யப்படும். இந்த ஆவனங்கிறது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? படிச்ச பிள்ளை நீங்களே முழிக்கிறீக.

இப்ப ராமுத்தாயச் சொல்லணும்.

என் சோட்டுக்காரி, ஒரே வயசு. பக்கத்து வீடு. மூணாங்கிளாஸ்ல ரெண்டு பேரையும் ஒண்ணா நிப்பாட்டித் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்புனாக. அவ அழுதுக்கிட்டே வந்தா, நான் சிரிச்சுக்கிட்டே போனேன். அதுல இருந்து அப்படித்தான், அவ வாயத் தொறக்க மாட்டா, நான் மூட மாட்டேன். ரெண்டு பேரும் எதிர எதிர உக்காந்துதான் கட்டை அடுக்குவோம், குச்சி அடுக்குற சட்டத்தை அப்படித்தான் சொல்லுவோம். நான் அவளுக்கும் சேத்துப் பேசுவேன், அவ எனக்கும் சேத்து அடுக்குவா. மேஸ்திரி மாதிரி நான் நடிச்சுக் காட்டுவேன், கோமதி மதினி மாதிரி, கடைக்காரன் மாதிரி. அவ மாதிரியும் நடிப்பேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு, கீழ் உதட்டைக் கடிச்சுக்கிட்டு, "போ சீனி"ம்பா பாருங்க, அது மாதிரி. அதைப் பாத்துத்தான் ரெம்பச் சிரிப்பா.

ரோட்டக் கையக் கோத்துக்கிட்டுத்தான் தாண்டுவோம். எப்பவும்.

அன்னைக்கு நான் கொஞ்சம் முன்னாடி தாண்டிட்டேன். அவளுக்குச் செருப்பு வாரு அந்துபோச்சு, குனிஞ்சு பாத்துக்கிட்டு நின்னா. நான் அந்தப் பக்கம் போயி நின்னுக்கிட்டு, "என்னடி, பொண்ணு பாக்க வந்தது மாதிரி குனிஞ்சே நிக்கிற, மாப்பிள்ளை இந்தப் பக்கம் இருக்காருடி, வா"ன்னேன். சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே வந்தா. லாரிக்காரன் என்ன வேகத்துல வந்தாங்கிறீக. அவன் மேலதான் கேசு. அவனைத்தான் பிடிச்சாக. அதுல வேற எழுதுறதுக்கு ஒண்ணும் இல்லை.

தண்ணி குடிக்கிறீகளா? கேன்ல இருக்கு.

அவ செத்ததுக்கு அப்புறமும் மனுத்தான் குடுத்தோம். ஆனா அதுக்குள்ள ரோட்டுல வேற ஒரு கதை கெளம்பிருச்சு. அவ சாகுறப்ப மன்றத்துச் சேலைதான் கட்டியிருந்தா. இது மாதிரி, வெங்காயக் கலரு. டிரைவர்மாரு இருக்காகள்ல, அவுக பாக்காத பேயா. பொழுது சாயுற நேரத்துல யாரோ ஒருத்தன், இந்த எடத்துல வெங்காயக் கலர் சேலை கட்டி ஒரு பொம்பளை ரோட்டத் தாண்டுனதைப் பாத்துட்டான். நாங்க எல்லாருமே அந்தச் சேலைதான கட்டுவோம். எவளோ தண்ணிக் கொடத்தோட போயிருப்பா. அவன் போயி டீக்கடையில சொல்லிட்டான். அப்புறம் என்ன, லாரியெல்லாம் எங்க ஊர்கிட்ட வந்ததும் பொண்ணு வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி மெதுவாப் போகுது. ஒருத்தன் எறங்கி எலுமிச்சம் பழம் வச்சு நசுக்கிட்டுப் போறான். ஒருத்தன் கற்பூரம் கொளுத்துறான். அத்தனை மனுவுல நடக்காதது அவ சேலையில நடந்துச்சு.

கோமதி மதினிக்கு மூளை வேலை செஞ்சிருச்சு. "ஏய், இனி ரோட்டத் தாண்டுறப்ப எல்லாரும் அந்தச் சேலையவே கட்டுங்கடி"ன்னாக. கட்டுனோம். அந்தச் சேலையக் கண்டா வண்டி நிக்கும். நாங்க பாட்டுக்கு ராணி மாதிரி தாண்டுவோம். சிரிப்பா இருக்குல்ல? எனக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சு. ஒரே ஒரு தடவை, எனக்கு முன்னாடி ஒருத்தி அந்தச் சேலையில தாண்டிக்கிட்டு இருந்தா, நான் பின்னாடியே போயி அவ கையப் பிடிச்சேன். திரும்பிப் பாத்தா கோமதி மதினி. "என்னடி கையி இம்புட்டு சில்லுன்னு இருக்கு"ன்னாக. தண்ணிக்குள்ள கைய விட்டிருந்தேன்னு சொன்னேன்.

அப்புறந்தான் ரோட்டு ஆபீசரு வந்தாரு. பெரிய ஆபீசரு. ஜீப்பு, கூட ரெண்டு பேரு. ஊருக்கு மத்தியில ரோட்டு ஓரமா நின்னு, மேப்ப விரிச்சு, "இங்க வழி குடுக்க எடமில்லைம்மா, சட்டம் எடம் குடுக்காது, நீங்க சுத்திப் போயிப் பழகிக்கிடுங்க"ன்னாரு. பழகிக்கிடணுமாம். கோமதி மதினி படபடன்னு பேசுறாக, அவரு வாட்சப் பாக்குறாரு.

அப்ப எனக்கு ஒரு யோசனை. நல்லா எழுதிக்கிடுங்க, யோசனை என்னுது. இப்பக் கேட்டா மதினி ஒத்துக்கிட மாட்டாக. நடிக்கத்தான் நமக்குத் தெரியும்ல. கொண்டையப் பிச்சு முடிய விரிச்சுப் போட்டேன். ஒரு உறுமு. சாமியாடுறதச் சின்னதுல இருந்து பாக்குறோம், என்ன பெரிய வித்தை? ஆனா நான் சாமி மாதிரி ஆடலை. தலையக் குனிஞ்சேன். கீழ் உதட்டைக் கடிச்சேன்.

அவ்வளவுதான். எங்க பொம்பளைகள்ல பாதிப் பேரு அங்கனயே ஓன்னு அழுதுட்டாக. "ராமுத்தாயி"ன்னு ஒருத்தி மண்ணுல விழுந்துட்டா. நான் எம்புட்டு நல்லா நடிச்சிருந்தா இப்படி விழுவா, சொல்லுங்க.

"என் மக அந்தப் பக்கம் இருக்கா. நான் நடுவுல நிக்கிறேன். என்னையத் தாண்டி விடுங்க. தாண்டி விடுங்க"ன்னேன். ஆபீசருக்கு வேர்த்து ஊத்துது. மேப்பு கையில இருந்து பறந்துபோயி முள்ளுல மாட்டிக்கிருச்சு.

பேய் வந்தா கேக்குற மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல, யாரு, எப்படி வந்த, என்ன வேணும்னு. கோமதி மதினி அந்த மொறைப்படி கேக்குறாக. அவுகளுக்கும் இது நடிப்புன்னு தெரியும், நான் கண்ணக் காட்டியிருந்தேன். தெரிஞ்சும் அவுக குரலு நடுங்குது.

"ஏத்தா, நீ எதுக்கு நடு ரோட்டுக்கு வந்த?"

"கூப்பிட்டா. வந்தேன்."

"யாருத்தா கூப்பிட்டா?"

"சீனி."

இதுல பாருங்க தாயி, நடிக்கிறப்ப கேட்ட கேள்விக்கு ஏதோ ஒரு பேரச் சொல்லணும்ல. யோசிக்க நேரம் ஏது. வாயில வந்தது என் பேரு. வேற பேரு சொன்னா அந்தப் பேருக்காரி பொழைக்க முடியுமா ஊர்ல? சொந்தப் பேரச் சொன்னா ஒரு வம்பும் இல்லை பாருங்க. அப்படித்தான். அதுக்குப் போயி எல்லாரும் ஒரு அடி பின்னாடி தள்ளி நின்னாக. ஏன்னு எனக்குத் தெரியலை.

ஆபீசரு கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. "பாதை போட்டுக் குடுக்குறேன்மா, போயிரும்மா"ன்னாரு. நாங்க விடுவமா? டிரைவர்மாரு வச்சிட்டுப் போன கற்பூரம் கெடந்துச்சு, கொளுத்தி நீட்டுனாக, அடிச்சு சத்தியம் பண்ணுங்கன்னு. பண்ணுனாரு தாயி. படிச்ச மனுசன், ஜீப்புல வந்த மனுசன், எரியுற கற்பூரத்துல கைய அடிச்சு சத்தியம் பண்ணுனாரு. அதுக்கு அப்புறம் சட்டம் எப்படி எடம் குடுத்துச்சுன்னு சட்டத்துக்கிட்டத்தான் கேக்கணும். பாதை வந்திருச்சு. உக்காந்திருக்கோம்ல.

விருதுல என்ன எழுதியிருக்குன்னு மதினி வாசிச்சுக் காட்டுனாக. "தொடர் மனுக்கள் வாயிலாகவும் அறவழியிலும் போராடி." ராமுத்தாய் பேரே இல்லை. "சாலை விபத்தில் ஒரு பெண் உயிரிழந்ததைத் தொடர்ந்து"ன்னு ஒரு வரி. ஒரு பெண். அவ பேரப் போட இந்த ஆபீசர்மாருக்கு மனசு வரலை பாருங்க, ஆடு இல்லாத பேர மன்றத்துக்கு வைக்கத் தெரியுது.

இதை எழுதாதீக. எழுதுனா விருதப் பிடுங்கிக்கிடுவான்.

நான் ஏன் போகலைன்னு கேக்குறீக. சொல்லுதேன், அதுக்கு முன்னாடி அந்தப் பிள்ளையச் சொல்லணும்.

ராமுத்தாய்க்கு ஒரே பொண்ணு. தர்சினி. அப்பன்காரன் திருப்பூர்ல வேற ஒருத்திகூட இருக்கான், அவனை விடுங்க. பிள்ளை பெரியம்மா வீட்ல வளருது, பத்தாவது படிக்குது. அம்மா மாதிரியே வாயில்லாப் பூச்சி. பாதையில சிமிண்டு காஞ்ச சமயம், ஒரு வெள்ளிக்கெழமை, பள்ளிக்கூடம் விட்டு இது வழியா வந்துச்சு. நான் இங்கன நின்னேன். பையத் தோள்ல போட்டுக்கிட்டு ரெம்ப நேரம் நின்னுட்டு, "சித்தி, அம்மா போயிருச்சா, இருக்கா?"ன்னு கேட்டுச்சு.

அட பைத்தியமே, அது நடிப்புடின்னு சொல்லணும். வாய் வரைக்கும் வந்திருச்சு. அது மூஞ்சியப் பாத்தேன். நீங்களா இருந்தா சொல்லியிருப்பீகளா? கொண்டைய அவுத்தேன்.

அதுல இருந்து ஒவ்வொரு வெள்ளியும் வரும். என்ன கேக்கும்கிறீக? பெரிசா ஒண்ணும் கேக்காது. கணக்குப் பரிச்சைல பாஸ் ஆவேனாம்மா. பெரியம்மா உன் பழைய பாவாடையத் தரைத் துணியாப் போட்டுட்டாக, உனக்குப் பரவாயில்லையாம்மா. இப்படி. நான் அவ குரல்ல, "போடி, அதுக்கென்ன"ன்னு சொல்லுவேன். அந்தக் கல்லுல உக்காந்து முழங்காலக் கட்டிக்கிட்டுக் கேக்கும். வண்டி ஏதும் போகாட்டி இந்தப் பாதையில குரலு அப்படியே நிக்கும், போகாது. எனக்கே சில சமயம் பின்னாடி ஆளு நின்னு பேசுற மாதிரி இருக்கும்.

பாவம், பிள்ளைக்காகத்தான் நான் வர்றது. எனக்கு என்ன வந்துச்சு. வெள்ளிக்கெழமைன்னா மீனு கறி தொடுறது கெடையாது. தலைக்கு ஊத்திக்கிட்டு, இந்தச் சேலையக் கட்டிக்கிட்டு, பிள்ளை வர்றதுக்கு முன்னாடியே வந்து உக்காந்துருவேன். பாதி வேலையில எந்திரிச்சு வாறன்னு மேஸ்திரி கத்துவான், கத்தட்டும். பிள்ளை வந்து நின்னுச்சுன்னா யாரு இருக்கா? ஒரு வாரம் அது வரலை. பள்ளிக்கூடத்துல ஏதோ கிளாசுன்னு நிப்பாட்டிட்டாகளாம். சும்மா எட்டிப் பாப்போம்னு போனேன். முடியக் கொண்டை போடாமப் போயிட்டேன் போல. வாத்தியாரு என்னையப் பாத்ததும் சாக்பீசக் கீழ போட்டுட்டாரு. பிள்ளைகள்லாம் கத்துதுக. தர்சினி மட்டும் எந்திரிச்சு வந்து என் கையப் பிடிச்சு, "வா சித்தி, வீட்டுக்குப் போவோம்"னு கூட்டிட்டு வந்துச்சு. வழியெல்லாம் கைய விடலை. அதுக்கு எம்புட்டு ஏக்கம் பாருங்க.

அப்புறம் விருதுக்குன்னு விசாரிக்க ஆளு வந்தாக. மன்றத்துல எல்லாரும் வட்டமா உக்காந்திருக்கோம். புதுச் சேலை எடுத்திருக்காக, கிளிப்பச்சை. இனி வெங்காயக் கலரு வேண்டாமாம், பாக்கவே ஒரு மாதிரி இருக்காம். நான் மட்டும் பழசு. வந்தவரு ஏதோ கேட்டுக்கிட்டே வந்து, "அந்த இறந்துபோன பெண்"ன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஒரு வெளையாட்டுக்கு, "எனக்குப் பேரு இருக்கு"ன்னேன், அவ குரல்ல. அம்புட்டுத்தான் சொன்னதா எனக்கு நெனவு. மதினி என் தொடையில கிள்ளுனது இன்னும் கன்னிப்போயிக் கெடக்கு. கோமதி மதினிதான் பிறகு சொன்னாக, நான் ரெம்ப நேரம் பேசுனேனாம், நிறுத்தவே இல்லையாம். அவுகளுக்கு எதையும் பெரிசாக்கிச் சொல்றதே வேலை.

அதுல இருந்துதான் என்னைய ஒதுக்கி வச்சிருக்காக. "சீனி, நீ மேடைக்கு வர வேண்டாம். கலெக்டரு இருப்பாரு. அங்க வச்சு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா மானம் போயிரும்"ன்னாக.

"என்ன ஆகும்? நான் நடிக்கிறேன் மதினி."

"நடிப்புன்னா நிறுத்துடி."

"நிறுத்துனா அந்தப் பிள்ளை என்ன செய்யும்?"

அதுக்கு மதினி சொல்றாக. "அந்தப் பிள்ளையே எங்கிட்ட வந்து சொல்லிருச்சு சீனி. அது அம்மா இல்லைன்னு அதுக்கு மொத நாளே தெரியும். ராமுத்தாயி அதைப் போடின்னு சொல்ல மாட்டா, வாங்க போங்கன்னுதான் சொல்லுவா, செல்லத்துக்கு. நான் போகலைன்னா சித்தி அங்கன உக்காந்து அழுவாக அத்தை, அதான் போறேன்னு சொல்லுது. அது பாவம்டி, படிக்கிற பிள்ளை."

எப்படிக் கட்டுறாக பாத்தீகளா கதைய. எனக்காக வருதாம். நானா அழுகுறேன்? என்னைய யாராச்சும் அழுது பாத்திருக்காகளா? மூணாங்கிளாஸ்ல நிப்பாட்டுனப்பவே நான் அழுகலை. அவ செத்தப்ப, ஊரே அழுதுச்சு, நான் எழவு வீட்டுக்கு வந்தவுகளைச் சிரிக்க வச்சேன். கேட்டுப் பாருங்க.

வர்ற ஞாயித்துக்கெழமை என்னையக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறாகளாம். வேப்பிலை அடிச்சு ராமுத்தாய எறக்கி விடப் போறாகளாம். ஏறாதவள எப்படி எறக்குறது? எதுக்கு எறங்கணும் அவ? அவளுக்குப் போறதுக்கு எங்க எடம் இருக்கு? வீட்டப் புருசன்காரன் வித்துட்டான். பேர விருதுல போடலை. எறங்கி ரோட்டுலயா நிக்கச் சொல்றீக?

நான் சத்தம் போடலை தாயி. இந்தப் பாதையில மெல்லப் பேசுனாலும் அப்படித்தான் கேக்கும்.

போன வெள்ளிக்கெழமை பிள்ளை வந்துச்சு. வழக்கமா உக்கார்ற மாதிரி உக்காரலை, எனக்குக் கிட்டக்க வந்து, காலடியில உக்காந்துச்சு. நான் கண்ண மூடிக்கிட்டேன், வா ராமுத்தாயின்னு. பிள்ளை கேக்குது, "அம்மா, சீனி சித்தி மேல உனக்குக் கோவமா?"

இதென்ன கேள்வி? நீங்களும் நானும் பேசுறப்ப நடுவுல வேற ஒருத்திய இழுக்கிற மாதிரி. நான் கணக்குப் பரிச்சையப் பத்திக் கேட்டேன். அது விடலை. "கோவம் இல்லைன்னு சொல்லும்மா. ஒரு தடவை சொல்லிரும்மா. சொல்லிட்டா சித்தி வீட்டுக்குப் போயிரும், நானும் போயிருவேன்."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. மேஸ்திரி மாதிரி பேசுறேன், கலெக்டரு மாதிரி பேசுறேன், அவ மாதிரி ஒரு வார்த்தை பேச வராதா? அன்னைக்குப் பாத்து தொண்டை கட்டிக்கிருச்சு. மத்தியானம் குச்சி ஐசு தின்னேன், அதுனாலதான். வாயத் தொறக்கேன், காத்துத்தான் வருது. பிள்ளை ரெம்ப நேரம் இருந்துச்சு. அப்புறம் என் முடிய அதுவே வாரி, கொண்டை போட்டு விட்டுட்டுப் போச்சு.

இன்னைக்கு அதுவும் வேன்ல போயிருக்கு. கேடயத்தை அது கையில வாங்கணும்னு மதினி கூட்டிட்டுப் போயிருக்காக. அது வரைக்கும் நல்லதுதான். ஆனா வேன்ல ஏறுறப்பப் பாத்தேன், கையில பெரிய பை, இடுப்புல ஒரு பை, பாயச் சுருட்டி வச்சிருக்கு. ஒரு நாள் கூத்துக்கு எவளாச்சும் பாய் கொண்டு போவாளா? "என்னடி, மேடையில படுத்துத் தூங்கப் போறியா"ன்னு கேட்டேன். சிரிச்சுச்சு. அங்க ஏதோ ஆஸ்டல்ல எடம் கெடைச்சிருக்குன்னு பெரியம்மாக்காரி சொல்றா. எங்கிட்ட அது ஒண்ணும் சொல்லலை. "போயிட்டு வாறேன் சித்தி"ன்னுதான் சொல்லுச்சு. வாறேன்னு சொன்னா வரும்தான? இன்னைக்கு வெள்ளிக்கெழமை. அதுக்குத் தெரியும்.

மணி என்ன தாயி? பள்ளிக்கூடம் விட்ருக்குமே. ஆமா, அது இன்னைக்குப் பள்ளிக்கூடம் போகலைல்ல. வேன்ல போயிருக்கு.

இருங்க, போகாதீக. பஸ்ஸு இப்ப இல்லை. பொழுது சாய்ஞ்சாத்தான் அடுத்த பஸ்ஸு, நானே ஏத்தி விடுறேன். போட்டோ எடுத்தாச்சுல்ல? அந்தப் பெட்டிய உள்ள வைங்க. சித்த இந்தக் கல்லுல வந்து உக்காருங்க. ஆமா, பிள்ளை உக்கார்ற கல்லுதான், இப்பப் பரவாயில்லை. முழங்காலக் கட்டிக்கிடுங்க. உங்களுக்கும் அது மாதிரி ஒல்லிக் கையிதான்.

நான் முடிய அவுத்துக்கிடுறேன். நடிப்புத்தான், பயப்படாதீக. நான் கண்ண மூடிக்கிடுவேன், நீங்க கேக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம், பரிச்சை கிரிச்சையெல்லாம் வேண்டாம். பிள்ளை கேட்டுச்சே, அதைக் கேளுங்க. சீனி மேல கோவமான்னு. அம்மான்னு கூப்பிட வேண்டாம், உங்களுக்கு வராது. ராமுத்தாயின்னே கூப்பிடுங்க. அந்தப் பேர யாரும் இன்னைக்குக் கூப்பிட்டிருக்க மாட்டாக.

கேட்டீகளா?

கேக்கலை தாயி. இன்னுங் கொஞ்சம் சத்தமாக் கேளுங்க. அவ அந்தப் பக்கம்ல நிக்கிறா.